ஐயாயிரம் டாலரா, ஐந்நூறும் ஒரு மேசையுமா?

1907ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிரெட் டெய்லருக்கு 23 வயது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டாரா என்ற சிற்றூரில் பிறந்தவர்; லிஸ்டோவெல் என்ற இன்னொரு சிற்றூரில் வளர்ந்து, அங்கே பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த வயதுக்குள் ஐஸ் ஹாக்கி அவருக்குப் பல முகங்களைக் காட்டிவிட்டது. ஒரு முழுக் குளிர்காலம் களத்தில் இறங்கவிடாமல் தடுக்கப்பட்டார். பிறகு மாதம் 25 டாலருக்கும் சாப்பாடு தங்குமிடத்துக்குமாக மேற்கே மனிடோபாவுக்குப் போனார். அங்கிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போய், இரண்டு முறை சாம்பியன் ஆன அணியில் ஆடினார். இப்போது அந்த மிச்சிகன் லீக்கே இழுத்து மூடப்பட்டுவிட்டது. அடுத்த குளிர்காலம் நெருங்குகிறது. எங்கே கையெழுத்துப் போடுவது?

பின்னாளில் ‘சைக்ளோன்’ டெய்லர் என்று கனடா முழுவதும் அறிந்த அந்த மனிதரின் முன்னால் அன்றும் அதற்கு அடுத்த ஐந்தாண்டுகளிலும் இருந்த வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எந்த வழியில் பணம் அதிகம் என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். எந்த வழி நல்ல வழி என்பதைத்தான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். என் முடிவை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

வாரங்களை எண்ணுவதிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைய கனடாவின் அரங்குகளில் ஐஸ் உறைவது குளிரின் கருணையால்தான், இயந்திரத்தால் அல்ல. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கும் லீக் மார்ச் மாதத்தில் முடிந்துவிடும். ஓர் அணிக்குப் பத்து, பன்னிரண்டு ஆட்டங்கள் கிடைத்தால் பெரிது. மீதி நாற்பது வாரங்களுக்கும் ஆட்டக்காரன் சாப்பிட்டாக வேண்டும், வாடகை கொடுத்தாக வேண்டும். ஆட்டமோ இன்று நாம் தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட முரட்டுத்தனமானது. பக்கத்துக்கு ஏழு பேர், தலைக்கவசம் கிடையாது, இடையில் ஆள் மாற்றி ஓய்வு எடுக்கும் வழக்கம் கிடையாது. களத்தில் இறங்கியவர் அறுபது நிமிடமும் ஓட வேண்டும். முழங்கால் போனால் மருத்துவச் செலவு அவர் கையைப் பொறுத்தது. இப்படிப்பட்ட தொழிலில் ‘சம்பளம் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டு முடிவெடுப்பவன் பத்து வாரத்துக்கு மட்டும் திட்டம் போடுகிறான்.

காசு வாங்காமல் ஆடுவது முதல் வழி. இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் அன்றைய மரியாதை முழுவதும் இந்தப் பக்கம்தான் இருந்தது. ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் அமெச்சூர் நெறியை ஒரு விரதம் போலக் காத்தது. 1898இல் பெர்லின் என்ற ஊரின் அணி பக்கத்து ஊரான வாட்டர்லூவை வென்றது. இந்தப் பெர்லின்தான் இன்றைய கிச்சனர். ஊர் மேயர் மகிழ்ந்துபோய் வீரர்களுக்கு ஆளுக்கொரு பத்து டாலர் தங்கக் காசு கொடுத்தார். அதற்காகச் சங்கம் அந்த அணியையே விலக்கிவிட்டது. அந்த அணியில் ஜான் கிப்சன் என்ற இளைஞர் இருந்தார். பின்னாளில் பல் மருத்துவரானார். அவரிடம் சிறிது நேரத்தில் திரும்பி வருவோம்.

இந்த வழியில் நடந்தவர்களில் மிகப் பெரியவர் ஒட்டாவாவின் பிராங்க் மக்கீ. ஒரு கண்ணின் பார்வையை இந்த ஆட்டத்திலேயே பறிகொடுத்தவர். 1905 ஜனவரியில் டாசன் சிட்டி அணிக்கு எதிராக, கனடா ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு நடந்த ஆட்டத்தில் அவர் ஒருவரே 14 கோல்கள் போட்டார். அடுத்த ஆண்டே, 23 வயதில், போதும் என்று நிறுத்திக்கொண்டு அரசு உத்தியோகத்தைப் பார்த்தார். அவரால் அது முடிந்தது. கனடா என்ற கூட்டாட்சியை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான டார்சி மக்கீ அவருடைய பெரியப்பா. காசு வாங்காமல் ஆடுவதற்கு வேண்டிய முதல் தகுதி வீட்டில் காசு இருப்பது. மக்கீக்கு அந்தத் தகுதி பிறவியிலேயே வாய்த்தது.

டெய்லருக்கு அது இல்லை. அவருக்கு அமெச்சூர் வழி எப்படி இருந்தது என்பதற்கு 1904இல் நடந்ததே சாட்சி. டொரன்டோவின் மார்ல்பரோஸ் அணி அவரை அழைத்தது. சொந்த ஊரை விட்டு வர விருப்பமில்லை என்றார். ஒன்டாரியோ சங்கத்தின் செயலாளராக இருந்த டபிள்யூ. ஏ. ஹியூவிட் அதற்குத் தந்த தண்டனை, அந்தப் பருவம் முழுவதும் சங்கத்தின் கீழ் எந்த அணிக்கும் டெய்லர் ஆட முடியாது என்பது. சம்பளம் கொடுக்காதவர்கள், சம்பளம் கொடுக்கும் முதலாளிக்குக்கூட இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். இருபது வயதில், கால்கள் மிக வேகமாக இருக்கும் காலத்தில், ஒரு குளிர்காலம் வீணாகப் போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ‘வரவில்லை’ என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அதையே அவர் மறுபடியும் சொல்வார். அப்போது நிலைமை வேறாக இருக்கும்.

இரண்டாவது வழி, ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி பேசிக்கொள்வது. 1907 ஜனவரியில் கெனோரா என்ற சிறிய ஊர் ஸ்டான்லி கோப்பைக்காக மான்ட்ரியல் வாண்டரர்ஸோடு மோதியபோது, பிராண்டனில் ஆடிக்கொண்டிருந்த ஆர்ட் ராஸை இரண்டே ஆட்டங்களுக்கு வாங்கியது. கொடுத்த தொகை 1,000 டாலர். கெனோரா கோப்பையை வென்றது; இரண்டே மாதத்தில் அதே வாண்டரர்ஸிடம் இழந்தது. ராஸ் கெட்டிக்காரர், பின்னாளில் விளையாட்டுப் பொருள் வியாபாரம், அணி நிர்வாகம் என்று நன்றாகவே வாழ்ந்தார். ஆனாலும் இதை ஒரு வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பைப் போட்டி, பணக்கார ஊர், அவசரம் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது மட்டும் திறக்கும் கதவு அது.

மூன்றாவது வழியில் டெய்லரே நடந்து பார்த்திருந்தார். மிச்சிகனின் வட முனையில், சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தாமிரச் சுரங்கப் பகுதியில் ஹூட்டன் என்ற ஊர் இருக்கிறது. தங்கக் காசு விவகாரத்தில் சிக்கிய அதே கிப்சன் அங்கே போய்ப் பல் மருத்துவம் பார்த்துவந்தார். ஊர்க்காரர் ஜேம்ஸ் டீயுடன் சேர்ந்து, வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கும் ஹாக்கியை அவர் தொடங்கிவைத்தார். 1904இல் சர்வதேச தொழில்முறை ஹாக்கி லீக் பிறந்தது. உலகில் முழுக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கொண்டு நடந்த முதல் ஐஸ் ஹாக்கி லீக் அதுதான். ஹூட்டன், காலுமெட், சூ செயின்ட் மேரி என்ற பெயரில் எல்லைக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஊர்கள், பிட்ஸ்பர்க் என்று ஐந்து அணிகள். 1906இன் தொடக்கத்தில் ஹூட்டனின் போர்ட்டேஜ் லேக்ஸ் அணி, பருவத்தின் மிச்சத்துக்கு 400 டாலரும் செலவும் தருவதாக டெய்லரை அழைத்தது. போனார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அணி சாம்பியன் ஆனது.

ஹூட்டனில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. அங்கே யாரும் தங்கக் காசைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கவில்லை. உன் ஆட்டத்துக்கு விலை இது, வாங்கிக்கொள் என்றார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் கொடுத்த டிக்கெட் காசு ஆட்டக்காரனின் கைக்கு வந்தது. ஆனால் தாமிர விலையும் டிக்கெட் விற்பனையும் சேர்ந்து தாங்கும் வரைதான் அந்த நேர்மைக்கு ஆயுள். அதற்குள் கனடாவின் கிழக்கு லீக்கும் 1906–07 பருவத்தில் சம்பளக்காரர்களையும் அமெச்சூர்களையும் ஒரே அணியில் ஆட அனுமதித்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். 1907இல் அமெரிக்கப் பொருளாதாரமும் தடுமாறியது. மூன்று பருவங்களோடு லீக் முடிந்தது. அதை நம்பியிருந்தவர்களுக்கு அறிவிப்புக் காலமும் இல்லை, ஈட்டுத்தொகையும் இல்லை.

அந்த லீக்கில் ஆடியவர்களில் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பலர் கருதிய ஹாட் ஸ்டுவர்ட்டின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1906 கடைசியில் மான்ட்ரியல் வாண்டரர்ஸுக்கு வந்து, 1907 மார்ச்சில் ஸ்டான்லி கோப்பையைத் தொட்டார். கோடையில் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க பெல்வில் என்ற ஊருக்குப் போனார். நல்ல சம்பளம் வாங்கிய ஆட்டக்காரருக்கும் கோடைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஜூன் 23 அன்று நீந்தப் போனவர், ஆழமில்லாத இடத்தில் பாறைமேல் குதித்துக் கழுத்து முறிந்து இறந்தார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் நின்றார்கள். காப்பீடு, ஓய்வூதியம் என்ற பேச்சே அந்தத் தொழிலில் கிடையாது. 1908 ஜனவரி 2 அன்று வாண்டரர்ஸ் அணியும் பிற அணிகளின் நட்சத்திரங்களும் மான்ட்ரியலில் ஓர் ஆட்டம் ஆடி, இரண்டாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். விளையாட்டு வரலாற்றில் நட்சத்திர அணி ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி அது என்பார்கள். எனக்கோ அது ஒரு மொய்ப் பணம். ஒரு தொழில் தன் ஆட்களுக்குச் செய்திருக்க வேண்டியதை, சக தொழிலாளிகள் தங்கள் ஒரு நாள் உழைப்பால் செய்தார்கள்.

இந்தச் செய்திகளோடு 1907 இலையுதிர் காலத்துக்குத் திரும்புவோம். ஒட்டாவா அணி டெய்லருக்குச் சொன்னது: பருவத்துக்கு 500 டாலர், கூடவே மத்திய அரசில் ஒரு வேலை. உள்துறையின் குடிவரவுப் பிரிவில் இளநிலை எழுத்தர், மாதம் 35 டாலர். பத்து ஆட்டத்துக்கு 500 என்பது அன்றைய நட்சத்திரங்களுக்குப் பெரிய தொகை அல்ல. டெய்லரை இழுத்தது அந்த மேசைதான். ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலை ஒதுக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஒட்டாவா தலைநகரம், அணியை நடத்தியவர்களுக்கு அரசில் செல்வாக்கு இருந்தது, பிற ஊர்கள் கொடுக்க முடியாத ஒன்றை அவர்கள் கொடுத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆட்டத்தில் 500, அலுவலகத்தில் ஆண்டுக்கு 420, மொத்தம் 920. ஹூட்டனில் பாதிப் பருவத்துக்கே 400 பார்த்தவருக்கு இது தலை சுற்றும் வருமானம் இல்லை. ஆனால் இதில் 420 என்பது முழங்காலைச் சார்ந்தது அல்ல, குளிரைச் சார்ந்ததும் அல்ல, டிக்கெட் விற்பனையைச் சார்ந்ததும் அல்ல. பியானோ தொழிற்சாலையிலிருந்து வந்த இளைஞர் அந்த வேற்றுமையைப் புரிந்துகொண்டார் என்பதை நினைக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆட்டமும் பாழாகவில்லை. 1908 ஜனவரியில் ஒட்டாவாவின் புதிய அரங்கில் வாண்டரர்ஸை 12–2 என்று நொறுக்கிய ஆட்டத்தில், கவர்னர் ஜெனரல் கிரே பிரபு டெய்லரின் வேகத்தைப் பார்த்துச் சைக்ளோன் என்று சொன்னதாகவும், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1909இல் ஒட்டாவா ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவரைத் தடுப்பு வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்தே முழுக் களத்தையும் கடந்து தாக்கப் போகிற தடுப்பாட்டக்காரர் என்று பெயர் எடுத்தார்.

அப்புறம் வந்தது ரென்ஃப்ரூ.

ஒட்டாவாவுக்கு மேற்கே, வெண்ணெய்ப் பண்ணைக்குப் பேர்போன ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரரான எம். ஜே. ஓ’பிரையன் கோபால்ட் என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கத்திலும் ரயில் பாதை ஒப்பந்தங்களிலும் பெரும் பணக்காரர் ஆனவர். அவர் மகன் ஆம்ப்ரோஸுக்குத் தம் ஊர் ஸ்டான்லி கோப்பைக்கு ஆட வேண்டும் என்று ஆசை. 1909 நவம்பரில் மான்ட்ரியலில் கூடிய பெரிய அணிகள் ரென்ஃப்ரூவைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவமானப்பட்ட மகன், அதே கதியை அடைந்த வாண்டரர்ஸோடு சேர்ந்து, டிசம்பர் 2 அன்று தேசிய ஹாக்கி சங்கம் என்று புதிய லீக்கையே தொடங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த லீக்குக்காகவே மான்ட்ரியல் கனடியன்ஸ் அணி உருவானது. அது இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. ரென்ஃப்ரூ அணிக்குப் பெயர் கிரீமரி கிங்ஸ், அதாவது வெண்ணெய்ப் பண்ணை ராஜாக்கள். ஊர் வைத்த பெயர் மில்லியனர்ஸ். லெஸ்டர் பாட்ரிக் 3,000 டாலருக்கும் அவர் தம்பி பிராங்க் 2,000 டாலருக்கும் கையெழுத்திட்டார்கள். டெய்லருக்கு 5,250.

12 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 437 டாலருக்கு மேல்! ஒட்டாவாவில் அவர் தொடங்கியபோது ஆட்டத்துக்கு 50. அந்த இளநிலை எழுத்தர் மேசையில் இதே 5,250 டாலரைச் சம்பாதிக்க 150 மாதம், அதாவது பன்னிரண்டரை ஆண்டு, உட்கார வேண்டும். இந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு, மேசைதான் மேல் என்று நான் பிடிவாதம் பிடித்தால் அது நேர்மையாகாது. ஒரு குளிர்காலத்தில் பன்னிரண்டு ஆண்டு கிடைக்குமானால் போகத்தான் வேண்டும். டெய்லர் போனார், அதைத் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். ஒட்டாவா ரசிகர்கள் சொன்னார்கள். பிப்ரவரியில் ரென்ஃப்ரூ சீருடையில் ஒட்டாவாவுக்கு வந்தவர்மேல் எலுமிச்சம்பழங்களையும் கையில் கிடைத்த எல்லாவற்றையும் வீசினார்கள். ஒட்டாவாவின் தடுப்பு வரிசையைப் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கடந்து கோல் போடுவேன் என்று அவர் விளையாட்டாகச் சொன்னதும், மார்ச்சில் ரென்ஃப்ரூவில் அப்படியே போட்டதும் இன்றுவரை ஹாக்கி ரசிகர்கள் வாதாடும் கதை.

ஆனால் ரென்ஃப்ரூவை ஒரு வழியாக எடைபோட வேண்டுமானால் அடுத்த ஆண்டையும் தட்டில் வைக்க வேண்டும். அவ்வளவு பணம் கொட்டியும் அணி மூன்றாம் இடம்தான் பிடித்தது. சின்ன ஊர், சின்ன அரங்கு. எத்தனை டிக்கெட் விற்றாலும் அந்தச் சம்பளத்தை ஈடுகட்ட முடியாது. ஒரு செல்வந்தரின் மனத்தாங்கல்தான் அந்த லீக்கின் கஜானா. 1910–11 பருவத்துக்கு எல்லா முதலாளிகளும் கூடி ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: ஓர் அணியின் மொத்தச் சம்பளமும் 5,000 டாலரைத் தாண்டக் கூடாது. முந்தைய குளிர்காலத்தில் டெய்லர் ஒருவர் வாங்கியது அதைவிட அதிகம். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆர்ட் ராஸ், ஹாட் ஸ்டுவர்ட்டின் தம்பி புரூஸ் போன்றவர்கள் தனி லீக் தொடங்கப் பார்த்தார்கள். அரங்குகள் முதலாளிகள் கையில் இருந்தன. ஐஸ் இல்லாமல் ஹாக்கி ஏது? பணிந்து கையெழுத்திட்டார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் ரென்ஃப்ரூ அணியும் கலைந்தது. இரண்டே குளிர்காலம்.

அணி கலைந்ததும் டெய்லரின் உரிமை மான்ட்ரியல் வாண்டரர்ஸுக்குப் போயிற்று. உரிமை என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு மனிதனின் கால்களை ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு எழுதிக்கொடுக்கிறது. 1904இல் டொரன்டோவிடம் சொன்னதை அவர் 1911இல் மான்ட்ரியலிடம் சொன்னார்: வரவில்லை. ஒட்டாவாவில் வேலை இருந்தது, மணக்கவிருந்த திர்சா குக் இருந்தார். ஒட்டாவா அணிக்கே ஆடலாம் என்றால் வாண்டரர்ஸ் விடவில்லை. 1911–12 லீக் பருவம் ஏறக்குறைய முழுவதும் அவரில்லாமலே நடந்தது.

இந்த இரண்டு மறுப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் என் தீர்ப்பு எனக்குத் தெளிவானது. இரண்டு முறையும் ஒரு குளிர்காலம் போயிற்று. முதல் முறை அதன் முடிவில் அவர் ஊரை விட்டு, மாதம் 25 டாலருக்கு மனிடோபாவுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை காலையில் எழுந்து அலுவலகத்துக்குப் போனார். மாதச் சம்பளம் வந்தது. யாரிடமும் கெஞ்சவில்லை. லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரம் வீட்டில் இருக்கிறார், எவராலும் அவரைப் பட்டினி போட்டுப் பணிய வைக்க முடியவில்லை. உச்சவரம்பை எதிர்த்த ஆட்டக்காரர்கள் ஐஸ் இல்லாததால் தோற்றார்கள் என்றேன். அவர்களில் பலருக்கு மேசையும் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரென்ஃப்ரூ கொடுத்த 5,250 டாலரால் வாங்க முடியாத ஒன்றை மாதம் 35 டாலர் வாங்கிக் கொடுத்தது.

காத்திருந்தவரைத் தேடி மேற்கிலிருந்து அழைப்பு வந்தது. ரென்ஃப்ரூவில் கூட ஆடிய பாட்ரிக் சகோதரர்கள், மரத் தொழிலை விற்ற தந்தையின் பணத்தைக் கொண்டு விக்டோரியாவிலும் வான்கூவரிலும் கனடாவின் முதல் செயற்கை ஐஸ் அரங்குகளைக் கட்டியிருந்தார்கள். வான்கூவரின் டென்மன் அரங்கில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். 1912 கடைசியில் டெய்லர் வான்கூவர் மில்லியனர்ஸ் அணியில் சேர்ந்தார். சம்பளம் ரென்ஃப்ரூ கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் குடிவரவுத் துறை வேலையையும் அந்தக் கரையிலேயே தொடர முடிந்தது.

ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், எல்லா வழிகளிலும் இதுவே உயர்ந்தது. கிழக்கு லீக் ஏழாவது ஆளை நீக்கி ஆறு பேராக்கியது. மேற்கே ஏழு பேர் ஆட்டம் தொடர்ந்தது. களமெங்கும் உலவும் அந்த ஏழாவது இடம் டெய்லருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. 1913இல் களத்தை நீலக் கோடுகளால் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியில் சக ஆட்டக்காரருக்கு ரப்பர் வட்டை முன்னோக்கித் தட்டிக்கொடுப்பதை பாட்ரிக் சகோதரர்கள் அனுமதித்தார்கள். அதுவரை பின்னோக்கியோ பக்கவாட்டிலோதான் கொடுக்க முடியும். வேகம் உள்ளவனுக்கு இது விலங்கை அவிழ்த்துவிட்டது போல. ஐந்து பருவங்களில் மேற்கு லீக்கின் புள்ளிப் பட்டியலில் அவரே முதலிடம். 1917–18இல் 18 ஆட்டங்களில் 32 கோல்கள். அப்போது அவருக்கு 33 வயது. 1915 மார்ச்சில் ஸ்டான்லி கோப்பைக்காக வந்தது யார் தெரியுமா? அவருடைய பழைய ஒட்டாவா. மூன்று ஆட்டங்களிலும் வான்கூவர் வென்றது. கடைசி ஆட்டம் 12–3.

ஹூட்டனில் அவரோடு ஒரே அணியில் ஆடிய ஜோ ஹாலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹால் ஊர் ஊராக, அணி அணியாகக் கடைசிவரை ஆடினார். 1919இல் மான்ட்ரியல் கனடியன்ஸோடு கோப்பைக்காக சியாட்டிலுக்குப் போனார். இன்ஃபுளுவென்சா அணிகளைத் தாக்கி, இறுதித் தொடரையே பாதியில் நிறுத்தியது. ஏப்ரல் 5 அன்று ஹால் அங்கேயே இறந்தார். நோய் யாரையும் பார்த்துப் பிடிப்பதில்லை, அதை அவர் தேர்வின் குற்றமாக்க மாட்டேன். ஆனால் நாற்பதை நெருங்கும் வயதில் வீட்டிலிருந்து அவ்வளவு தொலைவில் உடம்பை வருத்திக்கொண்டிருக்க வேண்டிய தேவை டெய்லருக்கு இல்லாமல் போனது எதனால் என்று கேட்டுப் பார்க்கலாம். 1921இல் அவர் ஆட்டத்தை விட்டபோது போவதற்கு ஓர் அலுவலகம் இருந்தது.

இதுவரை அந்த மேசையைப் புகழ்ந்தேன். அந்த மேசையில் என்ன வேலை நடந்தது என்று இன்னும் கேட்கவில்லை.

1914 மே 23 அன்று ஹாங்காங்கிலிருந்து கோமகட்டா மாரு என்ற கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. 376 பயணிகள், 340 சீக்கியர்கள், 24 முஸ்லிம்கள், 12 இந்துக்கள். எல்லோரும் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள், கனடாவும் அதே பேரரசின் பகுதி. பிறந்த நாட்டிலிருந்து இடைநிறுத்தமில்லாமல் நேராக வந்தவர்கள் மட்டுமே இறங்கலாம் என்று இந்தியர்களைத் தடுப்பதற்காகவே செய்த விதியைக் காட்டி, கப்பலைக் கரையில் கட்டவிடவில்லை. உணவும் தண்ணீரும் தட்டுப்பட இரண்டு மாதம் அந்த மக்கள் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். ஏற்கெனவே கனடாவில் வாழ்ந்தவர்கள் சிலர் தவிர யாரையும் இறக்கவில்லை. ஜூலை 23 அன்று போர்க்கப்பலின் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் கரையேறியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுமார் 20 பயணிகள் கொல்லப்பட்டார்கள்.

வான்கூவரில் அந்தக் கப்பலில் ஏறிய குடிவரவு அதிகாரிகளில் ஒருவர் பிரெட் டெய்லர். விதியை எழுதியவர் அவர் அல்ல. ஆணை போட்டவரும் அல்ல. மாதச் சம்பளத்துக்கு ஆணையை நிறைவேற்றியவர்களில் ஒருவர். எட்டு மாதம் கழித்து அதே ஊரில் பத்தாயிரம் பேர் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள். பின்னர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூக்கானுக்கும் குடிவரவு ஆணையராக உயர்ந்தார். 1946இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு விருது கொடுத்தது அந்தப் பணிக்காகத்தான். அடுத்த ஆண்டு ஹாக்கியின் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார். 1979இல், 94 வயதில், வான்கூவரிலேயே இறந்தார். கோமகட்டா மாருவுக்காகக் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016 மே 18 அன்று.

வேலைக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒப்பிடும்போது, சம்பளம், பாதுகாப்பு, ஓய்வூதியம் என்று நாம் போடும் பட்டியலில் ‘அந்த வேலை யாருக்கு என்ன செய்கிறது’ என்ற வரி பெரும்பாலும் இருப்பதில்லை. நானும் இந்தக் கட்டுரையின் முக்கால் பாகம்வரை அதைச் சேர்க்கவில்லை. சேர்த்த பிறகும் என் வரிசை முழுவதும் புரண்டுவிடவில்லை. ஆனால் ஓர் இடத்தில் மாறுகிறது. 1904இல் டெய்லரின் இடத்தில் இருந்தால் நானும் டொரன்டோவுக்கு வரவில்லை என்பேன். ஹூட்டனுக்குப் போவேன், தொழில் கற்றுக்கொள்ள. ஆனால் அங்கே வீடு கட்ட மாட்டேன். 1907இல் ஒட்டாவாவில் கையெழுத்திடுவேன். 1909 டிசம்பரில் ரென்ஃப்ரூவின் பணத்தை, அது ஒரு குளிர்காலப் பணம் என்று தெரிந்தே, வாங்கிக்கொள்வேன். 1911இல் மான்ட்ரியலுக்குப் போக மாட்டேன். 1912இல், அடுத்த ஆண்டு வரப்போகும் அந்த நீலக் கோடுகளுக்காகவும் ஏழாவது ஆளின் இடத்துக்காகவும் வான்கூவருக்குக் கட்டாயம் போவேன். ரயில் ஏறுவதற்கு முன்னால், துறைமுகத்துக்குப் போக வேண்டியிராத வேறொரு துறையில் எனக்கு ஒரு மேசை கொடுங்கள் என்று எழுதிக் கேட்பேன்.